மூவிராசியிலிருந்து ஓரலகு முறைக்கு: தமிழ்க் கணக்கு மரபில் ஒன்றின் விலை காணும் வழிகள்

முன்னுரை

ஏழு எழுதுகோல்களின் விலை தெரிந்திருக்கப் பன்னிரண்டு எழுதுகோல்களின் விலையைக் காணச் சொல்வது, உலகெங்கும் ஆறாம் ஏழாம் வகுப்பு மாணவர்கள் எதிர்கொள்ளும் வினா வகையாகும். முதலில் ஒன்றின் விலையைக் கண்டு, பின்னர் வேண்டிய எண்ணால் பெருக்குக என்பது இன்றைய பாடநூல்கள் காட்டும் வழி. தமிழ்ப் பாடநூல்கள் இதனை ஓரலகு முறை என்கின்றன. இவ்வழி இயல்பானது, எளியது, புரிதலோடு கூடியது என்றும், பழைய கணக்காயர்கள் கற்பித்தது பொருளுணராத மனப்பாடம் என்றும் ஒரு கருத்து கல்வியாளரிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது.

இக்கட்டுரை அக்கருத்தை வரலாற்றின் துணைகொண்டு மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது. ஒன்றின் விலையை முதலில் காண்பதா, இறுதிவரை வகுத்தலைத் தள்ளிப்போடுவதா என்பது அறிவின் உயர்வு தாழ்வைப் பொறுத்ததன்று. நாணயமும் அளவைகளும் எவ்வாறு பகுபடுகின்றன என்பதையும், கணக்கிடும் உரிமை யாரிடம் இருந்தது என்பதையும் பொறுத்தே அது அமைந்தது. நாணயங்களும் அளவைகளும் பலமுறை மாறியபோதும், எது அலகு என்பதைக் காட்டும் தமிழ்த் தொடரமைப்பு ஒன்று ஆயிரம் ஆண்டுகளாக மாறாமல் நிற்கிறது. தமிழ் வழியில் கணிதம் கற்பிக்கும் நாடுகள் அதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் முடிபு.

1. காசுக்கு இரு கலம்

விலை வீதத்தைக் குறிக்கும் தொடர்கள் தமிழ்க் கல்வெட்டுகளில் மிகுதி. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகள் இதற்குச் சிறந்த சான்று. இ. ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இவை இடம்பெற்றுள்ளன. முதலாம் இராசராசன் காலத்தில் (985–1014) அக்கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசு ஊர்ச்சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டது. வட்டி சிலவிடத்துக் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு மூன்று குறுணி நெல் எனவும், சிலவிடத்துக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு எனவும் வரையறுக்கப்பட்டுள்ளது. நெல்லின் விலையோ காசுக்கு இரு கலம்.

இம்மூன்று செய்திகளையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால் ஒரு கணக்கு வெளிப்படும். ஒரு கலம் பன்னிரண்டு குறுணி. ஆகவே காசுக்கு 24 குறுணி நெல். அதன் எட்டில் ஒரு பங்காகிய அரைக்கால் மூன்று குறுணி. எனவே நெல்லாகக் கொடுத்த வட்டியும் காசாகக் கொடுத்த வட்டியும் ஒரே வீதமே. ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை. கல்வெட்டைப் பொறித்தவர்களுக்கும் சபையாருக்கும் இவ்விரு வடிவங்களுக்கிடையே மாறுவது அன்றாடப் பழக்கம் என்பது இதனால் விளங்கும்.

இங்குக் கருதத்தக்கது மற்றொன்றுண்டு. இன்று நாம் ஒரு கலம் என்ன விலை என்று கேட்போம். கல்வெட்டு வழக்கோ ஒரு காசுக்கு எத்தனை கலம் என்கிறது. பணத்தை ஒன்றாக நிறுத்திப் பொருளை அளப்பது ஒரு முறை. பொருளை ஒன்றாக நிறுத்திப் பணத்தை அளப்பது மற்றொரு முறை. இரண்டும் ஓரலகு வீதங்களே. ஒன்று மற்றொன்றின் தலைகீழ். காசு பெருமதிப்புடையதாகவும் நெல் சிறுகச் சிறுகப் பகுக்கத்தக்கதாகவும் இருந்த பொருளியலில், காசை ஒன்றாக வைத்தால் விடை முழு எண்ணாகக் கிடைக்கும். கலத்தை ஒன்றாக வைத்தால் அரைக்காசு என்ற பின்னம் வரும். எதை ஒன்றாகக் கொள்வது என்பதை வசதியே தீர்மானித்தது.

2. மூன்று இராசிகளின் விதி

தெரிந்த மூன்று அளவுகளிலிருந்து நான்காவதைக் காணும் விதியை வடமொழி நூல்கள் திரைராசிகம் என்னும். இக்கட்டுரையில் அது மூவிராசி எனப்படுகிறது. 499ஆம் ஆண்டைச் சார்ந்த ஆரியபடீயத்தில் இவ்விதி உள்ளது. 628இல் பிரம்மகுப்தர் இயற்றிய நூலில் மூன்று இராசிகளும் பிரமாணம், பலம், இச்சை எனப் பெயர் பெறுகின்றன. முதலாவது தெரிந்த அளவு. இரண்டாவது அதற்குரிய பயன். மூன்றாவது நாம் வேண்டும் அளவு. முதலாவதும் மூன்றாவதும் ஓரினமாதல் வேண்டும். பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் விடை கிட்டும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூடர் ஆட்சிக்காலத்தில் மகாவீரர் இயற்றிய கணிதசாரசங்கிரகம் இதற்குத் தனிப்பகுதி ஒதுக்குகிறது. அந்நூல் 1912இல் மு. ரங்காசாரியரால் சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்கப்பட்டது. 1150இல் லீலாவதியை இயற்றிய பாஸ்கரர், உலகனைத்திலும் திருமால் நிறைந்திருப்பதுபோல் கணக்கனைத்திலும் இவ்விதி நிறைந்துள்ளது என்ற கருத்தைக் கூறுகிறார். பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி இந்தியரின் இராசி விதிகளைப் பற்றி அரபு மொழியில் தனி நூலே எழுதினார். ஐரோப்பிய வணிகக் கணக்கு நூல்கள் அதே விதியைப் பொன் விதி எனப் போற்றின.

எனவே மூவிராசி ஒரு நாட்டின் பழக்கமோ ஒரு மரபின் பழமைப் பிடிப்போ அன்று. வெவ்வேறு மொழிகளைப் பேசிய வணிகரும் கணக்கரும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றின் விலையை நடுவில் காணாமல், முதலில் பெருக்கி இறுதியில் வகுக்கும் வழியையே விதியாகக் கொண்டனர். அதற்குக் காரணம் இருந்திருத்தல் வேண்டும்.

3. வகுத்தலைத் தள்ளிப்போட்டது ஏன்

தமிழ்ப் பின்ன அளவைகளில் அக்காரணத்தைத் தெளிவாகக் காணலாம். தமிழர் கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி 1/320. அரைக்காணி 1/160, காணி 1/80, ஒருமா 1/20. மறுபுறம் மாகாணி 1/16, அரைக்கால் 1/8, கால், அரை, முக்கால். இவையனைத்தும் 320இன் பகுதிகள். 320 என்னும் எண் இரண்டாலும் ஐந்தாலும் மட்டும் ஆனது. மூன்றும் ஏழும் அதில் இல்லை. ஆகவே மூன்றில் ஒன்றையும் ஏழில் ஒன்றையும் முந்திரி அளவில் மிச்சமின்றிச் சொல்ல இயலாது.

விளக்கத்தின் பொருட்டு ஒரு கணக்கை அமைத்துக்கொள்வோம். ஏழு நாழி நெய்யின் விலை ஐந்து பணம். இருபத்தொரு நாழியின் விலை யாது? மூவிராசி வழியில் 21ஐ 5ஆல் பெருக்கினால் 105. அதனை 7ஆல் வகுத்தால் 15 பணம். நடுவில் பின்னம் தோன்றவேயில்லை.

ஓரலகு வழியில் சென்றால், ஒரு நாழியின் விலை ஏழில் ஐந்து பணம். முந்திரிக் கணக்கில் இது 228 முந்திரியும், அதற்கு மேல் ஒரு முந்திரியின் ஏழில் நான்கு பங்கும் ஆகும். மிச்சத்தை விட்டுவிட்டால் ஒரு நாழியின் விலை அரையே நாலுமா காணிப் பணம். அதனை 21ஆல் பெருக்கினால் 4,788 முந்திரி. பதினைந்து பணம் என்பதோ 4,800 முந்திரி. குறைவு 12 முந்திரி, அதாவது முக்காணிப் பணம். சென்னைப் புழக்கத்தில் எண்பது காசு ஒரு பணமாகவும் நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகனாகவும் இருந்தன. அவ்வழக்கில் இக்குறைவு மூன்று காசு. மிச்சத்தை விடாமல் மேலேற்றி 229 முந்திரி எனக் கொண்டால், விடை ஒன்பது முந்திரி, அதாவது இரண்டேகால் காசு மிகும். முன்னதில் விற்பவருக்கு இழப்பு. பின்னதில் வாங்குபவருக்கு இழப்பு.

கணக்கில் வல்லவர் முந்திரிக்குக் கீழும் செல்லலாமே எனின், செல்லலாம். முந்திரியின் முந்திரியாகிய கீழ்முந்திரி 1/1,02,400. அதனைப் பத்தரையால் வகுத்தது இம்மி, 1/10,75,200. பத்தரை என்ற விந்தையான வகுஎண்ணால் மூன்றும் ஏழும் அளவைக்குள் வந்துவிடுகின்றன. ஏழில் ஐந்து பணம் மிச்சமின்றி 7,68,000 இம்மி ஆகிறது. இவ்வாய்பாட்டை வகுத்தவர்கள் மூன்றாலும் ஏழாலும் வரும் இடரை உணர்ந்திருந்தனர் என்று கருத இடமுண்டு. எனினும் இம்மியை எந்தச் சந்தையிலும் கையில் எண்ணிக் கொடுக்க இயலாது. ஏட்டில் துல்லியம் கிட்டினும் கடைவீதியில் மிச்சம் மிச்சமே. வகுத்தலை இறுதிக்குத் தள்ளும் மூவிராசி, அம்மிச்சம் பன்மடங்காகப் பெருகாமல் தடுத்தது.

இன்றைய தசம நாணயத்திலும் இச்சிக்கல் தீர்ந்துவிடவில்லை என்பதை ஆசிரியர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். ஏழு பொருள் ஐந்து ரூபாய் எனில் ஒன்று 71 பைசாவும் சிறிது மிச்சமும். 71 பைசா எனக் கொண்டால் இருபத்தொன்றின் விலை 14 ரூபாய் 91 பைசா. 72 எனக் கொண்டால் 15 ரூபாய் 12 பைசா. ஓரலகு முறையை விதியெனப் பின்பற்றிய மாணவர் பிழையான விடைக்கு வருவதும், இருபத்தொன்று ஏழின் மும்மடங்கு என்பதைக் கண்ட மாணவர் ஒரே நொடியில் பதினைந்து என்பதும் வகுப்பறையில் நேரக்கூடியவையே.

4. திண்ணையும் சுவடியும்

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் தமிழில் பரவலாக வழங்கிய கணக்கு நூல். நிலம், பொன், நெல், அரிசி முதலாகப் பொருள்வழியே அது கணக்குகளை வகுக்கிறது. பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளை எண்ணிக்கை சொல்லும் கணக்கு போன்ற வியப்புக்குரிய சில பகுதிகளே இன்று பொதுமேடைகளில் பேசப்படுகின்றன. ஆனால் நிலத்தை அளக்கவும், பொன்னை மாற்றுப் பார்க்கவும், நெல்லை அளந்து விலை காணவும் தேவைப்பட்ட அன்றாடக் கணக்கே அந்நூலின் அடித்தளம்.

அத்தகைய கணக்கிற்கு வேண்டிய அடிப்படைப் பயிற்சியைத் திண்ணைப் பள்ளி அளித்தது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று ஆகிய வாய்பாடுகள் அங்கு ஓதப்பட்டன. பொன்னிலக்கம் எண்ணையும் பின்னத்தையும், நெல்லிலக்கம் முகத்தலளவையையும், எண்சுவடி பெருக்கலையும், குழிமாற்று நில அளவையையும் நினைவில் நிறுத்தின. தி. செந்தில்பாபு 2022இல் வெளியிட்ட தென்னிந்தியக் கணிதமும் சமூகமும் பற்றிய ஆங்கில ஆய்வு நூல், இவ்வாய்பாடுகளை வெற்று மனப்பாடமாகக் காணலாகாது. நினைவையே கணக்கிடும் கருவியாக ஆக்கிய பயிற்சி என்றே காணவேண்டும் என வாதிடுகிறது. தாளும் கரும்பலகையும் இல்லாத இடத்தில் பெருக்கலை மனத்தில் வைத்திருப்பவரால்தான் முதலில் பெருக்கி இறுதியில் வகுக்க முடியும். ஆகவே மூவிராசியும் வாய்பாடும் ஒன்றையொன்று தாங்கி நின்றன எனலாம்.

இப்பள்ளிகளின் பரப்பு சிறிதன்று. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 1,28,50,000 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். 1826ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் குறிப்பில் அவர் இதனைப் பதிவு செய்கிறார். இவ்வெண்ணிக்கையைப் பெருமைக்கு மட்டும் பயன்படுத்துதல் பொருந்தாது. மாணவருள் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. வயலில் உழைத்தும் கூலியாக நெல் பெற்றும் வாழ்ந்த பிள்ளைகளுள் மிகப் பலருக்குத் திண்ணை எட்டாத இடமாகவே இருந்தது. கூலி நெல்லை அளந்து கொடுத்தவர் கணக்கறிந்தவர், வாங்கியவர் அறியாதவர். மிச்சம் யார் பக்கம் சாய்ந்தது என்ற வினா இங்கிருந்து எழுகிறது.

5. நாணயமும் நிறையளவையும் மாறிய காலம்

ஓரலகு முறை பாடநூல்களில் முதலிடம் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாகத்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1821இல் வாரன் கோல்பர்ன் வெளியிட்ட தொடக்கக் கணக்கு நூல், சுவிட்சர்லாந்துக் கல்வியாளர் பெஸ்டலாட்சியின் வழியைப் பின்பற்றி, விதிகளை ஓதுவிக்காமல் சிறு எண்களைக் கொண்டு மாணவரே காரணம் கண்டு முன்னேறச் செய்தது. ஒன்றின் விலையிலிருந்து பலவற்றுக்கும், பலவற்றிலிருந்து ஒன்றுக்கும் செல்லும் வினாக்கள் அவ்வழிக்கு ஏற்றவை. அமெரிக்கா 1792ஆம் ஆண்டுச் சட்டத்தால் தசம நாணயத்தை ஏற்ற நாடு என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கது. தசம நாணயம் ஒன்றே காரணம் என்பதற்கில்லை. எனினும் அது வகுத்தலின் சுமையைக் குறைத்தது.

தமிழர் வாழ்ந்த நாடுகளில் நாணயமும் நிறையளவையும் ஒரே காலத்தில் மாறவில்லை. சென்னை மாகாணத்தில் 1818இல் வெள்ளி ரூபாய் தரநாணயமானது. மூன்றரை ரூபாய் ஒரு வராகனுக்கு ஈடாகக் கொள்ளப்பட்டது. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை, ஆக ரூபாய்க்கு 192 பை. நிறையில் நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. இவற்றை இன்று குழப்பம் எனக் கருதுவோர் பலர். ஆனால் அவ்வெண்களுக்கிடையே ஓர் ஒழுங்கு இருந்தது. பன்னிரண்டு பொருள் எத்தனை அணாவோ, ஒன்று அத்தனை பை. வீசை ஒரு ரூபாய் நான்கு அணா எனில், அதாவது 240 பை எனில், பலம் ஆறு பை. நாணயமும் அளவையும் இவ்வாறு பொருந்திய இடங்களில் மக்கள் ஒன்றின் விலையை உடனே கண்டனர். பொருந்தாத இடங்களில் மூவிராசியை நாடினர். இரு முறைகளும் அருகருகே வாழ்ந்தன என்பதே வரலாறு காட்டும் உண்மை.

இந்தியாவில் 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது. 1956இல் இயற்றப்பட்ட எடை அளவைச் சட்டத்தின்படி 1958 முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இலங்கை அதற்கு வெகுமுன்பே, 1872இல், ரூபாயை நூறு சதமாக்கிவிட்டது. ஆனால் இறாத்தலும் புசலும் அங்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தன. மலாயாவிலும் நூறு காசு ஒரு வெள்ளி. நிறையோ பதினாறு தாயில் ஒரு கட்டி, நூறு கட்டி ஒரு பிக்குல். கட்டி எண்பது காசு எனில் தாயில் ஐந்து காசு என்பது அங்கு எளிது. கட்டி எழுபது காசு எனில் எளிதன்று. தசம நாணயத்தோடு தசமமல்லாத அளவையைக் கையாண்ட இம்மாணவர்கள், இன்றைய மாணவர்களைவிடக் கடினமான கணக்கையே செய்தனர்.

6. தோட்டத்துக் கணக்கு

புலம்பெயர்ந்த தமிழருள் பெரும்பகுதியினர் ஓரலகு வீதத்தைப் பாடமாகக் கற்கும் முன்பே அதன் பயனையும் பாதிப்பையும் கூலி வழியாக அறிந்தவர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நாளொன்றுக்கு இத்தனை சதம், கொழுந்து இத்தனை இறாத்தலுக்கு மேற்பட்டால் இறாத்தலுக்கு இத்தனை சதம், புசல் அரிசிக்கு இத்தனை ரூபாய் பிடித்தம் என வாழ்க்கையே வீதங்களால் ஆனது. வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆளும் ஓர் அலகாக எண்ணப்பட்டார். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஆண், பெண், சிறுவர் என மூன்று வேறு வீதங்களையே வகுத்தது.

இவ்வீதங்களைப் பெருக்கிக் கூட்டிக் கழிக்க வல்லவர் கணக்கப்பிள்ளை. அவரது பதவிப் பெயரே இதனைச் சொல்கிறது. நிறுவையில் அரை இறாத்தல் கழிந்தால் யாருக்கு இழப்பு, அரிசி விலையில் கால் சதம் ஏறினால் மாத இறுதியில் எத்தனை குறையும் என்பவற்றைத் தொழிலாளர் தாமே சரிபார்க்க வேண்டுமாயின், அவர்களுக்கு வீதக் கணக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்திய 1920ஆம் ஆண்டின் இலங்கைக் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ளோரையே குறித்தது. விகிதமும் வீதமும் இன்றும் பத்து வயதுக்குப் பின்னரே பாடத்திட்டங்களில் முழுமையாக இடம்பெறுகின்றன. கூட்டலும் கழித்தலும் கற்றுக் கல்வி நின்றுவிடும் பிள்ளையால் எண்ணிக்கை பார்க்க முடியும். ஆனால் வீதத்தைச் சரிபார்க்க முடியாது. சட்டத்தின் நோக்கம் எதுவாயினும், அதன் வயதெல்லை தொழிலாளரின் பிள்ளையைக் கூலிக் கணக்கின் வாயிலிலேயே நிறுத்திவிட்டது. நடுநிலைப் பள்ளியின் ஒரு பாடப்பகுதியை வரலாற்றுப் பொருளாக ஆராய்வதற்கு இதுவே போதிய காரணமாகும்.

7. வகுப்பறையும் நான்காம் வேற்றுமையும்

பள்ளிக்கு வெளியே பிள்ளைகள் எவ்வாறு கணக்கிடுகின்றனர் என்பதைப் பற்றிய ஆய்வுகளுள் பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் நிகழ்ந்தது புகழ்பெற்றது. தெரெசீனியா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் 1985இல் அதனை வெளியிட்டனர். தெருவில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகள் விற்பனையின்போது கேட்கப்பட்ட வினாக்களில் 98.2 விழுக்காட்டிற்குச் சரியான விடை அளித்தனர். அதே பிள்ளைகள், பள்ளிப் பாணியில் அமைந்த சொற்கணக்குகளில் 73.7 விழுக்காடும், வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 36.8 விழுக்காடுமே சரியாகச் செய்தனர். ஒரு தேங்காய் 35 குருசேரோ என்ற வீதத்தில் பத்தின் விலையைக் கேட்டபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவன் மூன்றுக்கு 105, மேலும் மூன்றுக்கு 210 எனக் கூட்டிச் சென்று 350ஐ அடைந்தான். பத்தால் பெருக்குதல் என்ற பள்ளிவழி அவனுக்குத் தேவைப்படவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சந்தை வழக்கு ஒன்று வீட்டிலேயே கிடைக்கிறது. கிலோவுக்கு எண்பது ரூபாய், ஆளுக்கு ஐந்து வெள்ளி, ரூபாய்க்கு மூன்று மாங்காய் என்பன யாவரும் பேசும் தொடர்கள். இவற்றிலெல்லாம் கு என்னும் நான்காம் வேற்றுமை உருபை ஏற்ற பெயரே அலகு. வகுத்தலில் வகுஎண்ணாக அமைவதும் அதுவே. இராசராசன் காலத்துக் காசுக்கு இரு கலம் என்ற வழக்கும் இதே அமைப்புடையது. நாணயம் காசிலிருந்து பணமாகி, ரூபாயாகி, வெள்ளியாகி, டாலராகி மாறினும், அலகைச் சுட்டும் உருபு மாறவில்லை.

பாடநூல் தொடரோ வேறுவகையில் அமைகிறது. ஏழு எழுதுகோல்களின் விலை 105 ரூபாய் எனில், பன்னிரண்டு எழுதுகோல்களின் விலை என்ன என்பது அதன் வடிவம். ஆறாம் வேற்றுமையும் எனில் என்ற நிபந்தனைச் சொல்லும் வந்து நான்காம் வேற்றுமையை விலக்கிவிடுகின்றன. இதே கணக்கை ஏழு எழுதுகோலுக்கு 105 ரூபாய், ஒன்றுக்கு 15, பன்னிரண்டுக்கு 180 எனச் சொல்லிப் பார்த்தால், வினாவே விடையின் படிகளாக விரிவதைக் காணலாம். மொழி எளிமையாவதுடன் கணித உறவும் வெளிப்படையாகிறது.

இவ்வழிக்கு ஓர் எல்லையும் உண்டு. எட்டுப் பேருக்கு ஆறு நாள் எனில் ஒருவருக்கு எத்தனை நாள் என்ற வேலைக் கணக்கில், உருபைப் பின்பற்றி ஆறை எட்டால் வகுக்கும் மாணவர் தவறுவார். சரியான விடை 48 நாள். எதிர்விகிதத்தில் ஒன்றுக்கு வரும்போது பயன் குறைவதில்லை, கூடுகிறது. ஆகவே உருபு அலகைக் காட்டுமேயன்றி உறவு நேர்விகிதமா எதிர்விகிதமா என்பதைக் காட்டாது. ஒன்றுக்கு எனச் சொல்லுமுன், ஆள் குறைந்தால் நாள் கூடுமா குறையுமா என்று கேட்கும் பழக்கத்தையும் ஆசிரியர் உடன் வளர்க்க வேண்டும்.

பயிற்றுமொழி வினா மலேசியாவில் அண்மைக்காலம் வரை கொள்கை வினாவாக இருந்தது. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை தமிழ்ப் பள்ளிகள் உள்ளிட்ட பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. 2009இல் அது கைவிடப்படும் என அறிவிக்கப்பட்டு, 2012 முதல் தாய்மொழிவழி மீட்சி தொடங்கியது. தமிழில் கணிதம் இருத்தல் வேண்டும் என வாதிட்டவர்கள் பெரும்பாலும் பண்பாட்டு உரிமையை முன்வைத்தனர். அதனுடன், தமிழ்த் தொடரமைப்பு வீத உறவை எவ்வாறு தெளிவாகக் காட்டுகிறது என்ற கல்விக் காரணத்தையும் முன்வைக்கலாம். ஆனால் அவ்வாதம் வலுப்பெறப் பாடநூல்கள் அந்தத் தமிழில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பிறமொழி வினாத்தாளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழில் அந்நன்மை கிட்டாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிபுகளுக்கு வரலாம்.

முதலாவது, மூவிராசி அறியாமையின் எச்சம் அன்று. பகுபடாத நாணயத்தையும் அளவையையும் கையாளும்போது மிச்சம் பெருகாமல் காக்கும் முறை அது. ஓரலகு முறையும் புதிதன்று. நாணயமும் அளவையும் பொருந்திய இடங்களிலெல்லாம் மக்கள் அதனை அறிந்தே இருந்தனர். மடங்கு காணும் வழி இவ்விரண்டுக்கும் உடன்பிறப்பு. இம்மூன்றையும் ஒரே கணக்கில் அருகருகே செய்து காட்டி, எண்களைப் பார்த்து வழியைத் தேரும் திறனை வளர்ப்பதே தக்க பயிற்சி. ஒரே வழியை மட்டும் ஏற்று மதிப்பெண் வழங்குதல் இத்திறனுக்குத் தடையாகும்.

இரண்டாவது, வீதக் கணக்கு அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் இடையே நெல் அளக்கும் களத்திலும் கொழுந்து நிறுக்கும் தராசடியிலும் உண்மையான இழப்பும் ஆதாயமும் இருந்தன. இன்று வாங்குவோரின் பொருட்டு இக்கணக்கைச் சட்டமே ஏற்றுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டு ஆணை, பொருளின் விலையோடு கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு எவ்வளவு என்ற ஓரலகு விலையையும் கடையில் எழுதிவைக்கச் சொல்கிறது. பொதியின் விலையை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறலாம் என்பதே இதன் அடிப்படை. கூலி பெறுவோருக்கும் கடன் வாங்குவோருக்கும் அத்தகைய அட்டை எல்லா இடத்திலும் தொங்குவதில்லை. அவர்கள் தாமே கணக்கிட வேண்டியுள்ளது.

மூன்றாவது, தமிழ்நாடு, இலங்கை, மலேசியா ஆகிய மூவிடத்தும் தமிழ்வழிக் கணிதப் பாடநூல் எழுதுவோர், சொற்கணக்குகளின் தொடரமைப்பை மீளாய்வு செய்தல் வேண்டும். ஒரே கணக்கை எனில் வடிவிலும் உக்கு வடிவிலும் இரு வகுப்புகளுக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிடும் எளிய ஆய்வு ஒன்றை மூன்று நாட்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளும் சேர்ந்து மேற்கொள்ளலாம். அதன் முடிவு இக்கட்டுரையின் கருத்தை உறுதி செய்யினும் மறுப்பினும், அடுத்த பாடநூல் திருத்தத்திற்கு ஓர் அடிப்படை கிட்டும்.